கேக்காமலே திறக்கணும்

"எவனோ வேணும்னே கைய வச்சிருக்கான்யா! நல்லா ஓடிக்கிட்டிருந்த கம்ப்யூட்டரு. சோத்துல மண்ணைப் போட்ட பய, அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

பஞ்சநதம் போட்ட சத்தத்தில், கும்பகோணத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்த மெக்கானிக் ஷஹ்பாஸ், மறுபடி மாட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தார்.

"உக்காருங்க தம்பி. உங்களைத் திட்டலை. சரி பண்ண எவ்வளவு கேப்பீங்க?"

"முதல்ல என்னன்னு பாக்கறேன் சார்."

"பாத்துட்டுக் கேட்டா ஜாஸ்தி கேப்பீங்க. பாக்காமலே சொல்லுங்க."

குத்தாலம் கடைவீதியில் மூட்டை தூக்க ஆரம்பித்து, நெல் தரகு பார்த்து, மாடி வீடு வரை வந்தவர் பஞ்சநதம். எதிரே உட்கார்ந்தவன் கண்ணைப் பார்த்தே, அவன் எந்த விலைக்கு இறங்குவான் என்று சொல்லிவிடுவார். ஊரில் அப்படித்தான் பேச்சு. அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்ததும் அவர்தான்.

கேட்டதில் பாதிக்கு ஒத்துக்கொண்டு, ஷஹ்பாஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"என்ன பண்ணுது?"

"மெயிலைத் திறந்தா பாஸ்வேர்டு கேக்குது. மூடிட்டுத் திறந்தா மறுபடி கேக்குது. ஒரு வாரமா இந்தக் கூத்துதான். என் வீட்டுக்குள்ள நான் நுழையறதுக்கு, வாசப்படி என்னைப் பாத்து நீ யாருன்னு கேக்குது!"

மகள் பூர்ணிமா சிங்கப்பூர் போனபோது வாங்கியது அந்தக் கம்ப்யூட்டர். மகளோடு பேசியது போக மிச்ச நேரத்துக்குத் தெருவுக்கே திறந்து விட்டிருந்தார். துபாய், மஸ்கட் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் மெயில் பார்க்க அந்த வீடுதான். காசு கிடையாது. காபி வேறு உண்டு. தரகில் ஒத்தை ரூபாய் விட்டுக்கொடுக்காத மனுஷனுக்குள்ளே இப்படி ஒரு தங்கமான மனசா என்று தெருவே வாயைப் பிளந்தது.

"எனக்காகவா தம்பி சொல்றேன்? எதுத்த வீட்டு வீரையன் இருக்கானே, பாவம், மம்பட்டி புடிச்ச கை. ஒரு விரலால எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறான். அவனைப் போயி தினமும் இம்சை பண்ணலாமா? ஒரு ஈவு இரக்கம் வேணாம்?"

காபி கொண்டுவந்த மனைவி கமலாம்பாள், டம்ளரை டொக்கென்று வைத்தாள்.

"ஆமா தம்பி. இவருக்கு இரக்கம் தாங்க முடியலை. வீரையன் அண்ணன் வயலை இவருதான் வாங்கப் போறாரு. நாளைக்கு விலை பேசி முடிக்கணும். அதுக்குள்ள அவருக்காக இரக்கப்பட்டு இரக்கப்பட்டே இளைச்சுட்டாரு."

"நீ உள்ள போடி!"

அவள் போகவில்லை. வாய்க்காலை ஒட்டி, முதல் தண்ணீர் பாய்கிற வயல் அது. வீரையனுக்கு இருப்பதும் அது ஒன்றுதான்.

ஷஹ்பாஸ் கொஞ்ச நேரம் மவுஸை உருட்டினார்.

"வைரஸ் எல்லாம் இல்ல சார். மெயில் பாத்தவங்க எழுந்து போனதும், யாரோ அதை முறையா மூடிடறாங்க. ஞாபகம் வச்சுக்கன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல இருக்கற டிக்கையும் எடுத்துடறாங்க. அதான் ஒவ்வொரு தடவையும் கேக்குது."

"நான் சொல்லலை? எவன்யா அவன்?"

"டிக்கைப் போட்டு விடறேன். உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"எனக்கேது பாஸ்வேர்டு? எனக்கு மெயிலே கிடையாதே!"

ஷஹ்பாஸ் நாற்காலியைத் திருப்பினார்.

"மகளோட பேசறது?"

"அது தானாத் திறக்குது. அதுல ஒரு குறையும் இல்ல."

"அந்த வீரையனுக்கு அவரு பாஸ்வேர்டு தெரியும்ல?"

"தெரியாம என்ன? மகன் பேரா இருக்கும்னு நானும் தமிழரசன், தமிழரசன்னு அடிச்சுப் பாத்தேன், திறக்க மாட்டே..."

பஞ்சநதம் சட்டென்று காபியை எடுத்து வாயில் ஊற்றிக்கொண்டார். நாக்கு வெந்தது. அப்படியும் விழுங்கினார்.

"சர்க்கரை அளவா இருக்கு," என்றார் ஷஹ்பாஸ், யார் முகத்தையும் பார்க்காமல்.

"தம்பி, டிக்கைப் போடுங்க. இன்னிக்கு சாயங்காலம் அவன் வருவான். பேசுனதுக்கு மேலயே தரேன்."

பஞ்சநதம் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.

"ஒண்ணும் போட வேணாம் தம்பி," என்றாள் கமலாம்பாள். "அதை எடுக்கறது நான்தான். பூர்ணிமா போன்ல சொல்லிக் குடுத்தா."

"நீயாடி?"

"நானேதான். துபாய்ல தமிழரசனுக்கு வேலை போயிடுச்சு. 'வந்த விலைக்கு வயலை வித்து, டிக்கெட்டுக்கு அனுப்புங்கப்பா'ன்னு எழுதியிருக்கான். நீங்க அதைத் திறந்து படிச்சப்ப, பின்னால நின்னு நானும் பாத்தேன். வீரையன் அண்ணன் அதை வெளியில மூச்சு விடலையே! வீடு கட்டத்தான் விக்கிறேன்னு கௌரவமாச் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. நீங்க போன வாரம் அவரு கண்ணைப் பாத்து, பாதி விலைன்னு பட்டுனு போட்டீங்க. மனுஷன் அப்படியே ஆடிப்போயிட்டாரு. நீங்க எங்க பாத்தீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"வெளியாளு இருக்கும்போது..."

"இருக்கட்டும்! கம்ப்யூட்டரு சரியாத்தான் இருக்கு. நாளைக்கு வீரையன் அண்ணன் வந்து உக்காந்ததும், பக்கத்து வயல் என்ன விலைக்குப் போச்சோ, அந்த விலையை நீங்களே வாயைத் திறந்து முதல்ல சொல்லுங்க. அவரு கேக்கறதுக்கு முன்னால சொல்லுங்க!"