மார்கழித் தாகம்

சமையலறைக் கதவை இழுத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள் ராஜாமணி. உள்ளே மண்பானை நிறையத் தண்ணீர் இருந்தது. கட்டிலில் கிடந்த அவள் கணவர் தேவசகாயம் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாய் குடு ராஜாமணி. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது."

"காலையில தர்றேங்க. கண்ண மூடிப் படுங்க."

கீழே பாயில் படுத்திருந்த சவுரியம்மாளுக்குத் திக்கென்றது. அவள் தேவசகாயத்தின் அக்கா. புருஷனைப் புதைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸுக்குத் தம்பியோடு இருந்தால் மனசு ஆறும் என்று, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அன்று மத்தியானம்தான் வந்திருந்தாள்.

நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை தேவசகாயத்துக்கு. அனலில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடிப்பார். காய்ச்சல், லீவில் இருக்கிறேன் என்றுதான் அக்காவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். வந்து பார்த்தால் ஆள் பாதியாகியிருந்தார்.

"காலு மட்டும் ஏண்டா தேவா இப்பிடி உப்பிக்கினு இருக்குது?" என்று மத்தியானமே கேட்டாள்.

"எஞ்சின்ல நின்னு நின்னு இப்பிடி ஆயிடுச்சிக்கா" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார் அவர்.

அந்த வருஷம் மார்கழிக் காற்று உதட்டையெல்லாம் உரித்துக்கொண்டிருந்தது. ராஜாமணி ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்தாள். துண்டை நனைத்துப் பிழிந்து கட்டில் பக்கத்துக் கொடியில் போட்டாள். விரலில் வெண்ணெய் எடுத்துக் கணவரின் வெடித்த உதட்டில் பூசினாள். தொப்புளில் இரண்டு சொட்டு எண்ணெய் வைத்தாள். தண்ணீர் மட்டும் தரவில்லை.

இதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஈடாகுமா என்று சவுரியம்மாள் உள்ளுக்குள் கொதித்தாள்.

நடுச்சாமத்தில் மறுபடி அவர் குரல் கேட்டது. "ஈரத் துணியாவது வையி ராஜாமணி."

ராஜாமணி துணி நுனியை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். அவர் அதைப் பல்லால் கடித்து உறிஞ்சினார். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

சவுரியம்மாள் எழுந்தே விட்டாள். "ஏண்டி, நீ மனுஷிதானா? கொழந்த மாதிரி கெஞ்சறான், புடுங்கறியே! தண்ணி குடிச்சா ராவுல வெளிய கைத்தாங்கலா கூட்டிக்கினு போவணும். அதான ஒனக்கு பேஜாரு?"

ராஜாமணி என்னவோ சொல்ல வாய் திறந்தாள். தேவசகாயம் கட்டிலிலிருந்தபடி அவளைப் பார்த்து, வேண்டாமென்று மெல்லத் தலையை ஆட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் உதடும் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"சாவியக் குடு."

"தர மாட்டேன் அண்ணி."

"மாதாவே, இதயெல்லாம் பாக்கவா நான் வந்தேன்! இரு, எந்தம்பிய நான் திண்டிவனத்துக்கே அழைச்சிக்கினு போயிடறேன். எங்க வூட்ல அவன் குடிக்கத் தண்ணி இருக்குது."

விடிந்ததும், டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று ராஜாமணி அவரைப் பாண்டிச்சேரி பஸ்ஸில் கூட்டிப்போனாள். கிளம்பும்போது சாவியை அண்ணி கையில் கொடுத்தாள். சவுரியம்மாள் முகம் கொடுக்கவில்லை. பகலெல்லாம் உட்கார்ந்து தம்பியின் வேட்டி சட்டைகளை மடித்துத் தன் பையில் வைத்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் சைக்கிள் ரிக்ஷா வந்து நின்றது. தேவசகாயத்துக்கு நடக்க முடியவில்லை. ரிக்ஷாக்காரரும் ராஜாமணியுமாகத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார்கள்.

ராஜாமணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே பானையண்டை போனாள். சொம்பு வழிய மொண்டு வந்து, அவர் தலையை மடியில் ஏந்தி வாயில் வைத்தாள்.

அவர் மடக்மடக்கென்று குடித்தார். கழுத்து வழியே வழிந்து சட்டை நனைந்தது. "அப்பாடா!" என்று கண்ணை மூடிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சவுரியம்மாளுக்குக் கண் கலங்கியது.

"இன்னொரு சொம்பு கொண்டாரட்டுங்களா?"

"கொண்டா."

ராஜாமணி சமையலறைக்குள் போனாள். சவுரியம்மாளும் பின்னாலேயே போனாள். கோபமெல்லாம் போய்விட்டது அவளுக்கு.

"பாத்தியாடி, எப்பிடிச் சிரிக்கறான்! நேத்து நான் நாலு வார்த்த கேட்டதுக்கு இன்னிக்காவது ஒனக்கு மனசு எளகிச்சே."

ராஜாமணி திரும்பவில்லை. பானைக்குள் விட்ட சொம்பை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சி அண்ணி. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளருக்கு மேல தண்ணி குடுக்காதன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. நீங்களே துக்கத்துல இருக்கீங்க, ஒங்களுக்குத் தெரிய வாணாம்னு இவருதான் சத்தியம் வாங்கிக்கினாரு."

சவுரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் தம்பி இன்னும் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அப்போ... இன்னிக்கு இவ்ளோ குடுக்கறியே. கொணமாயிடுச்சின்னு சொல்லிட்டாரா?"

"இல்ல அண்ணி. இனிமே கேக்கறதெல்லாம் குடுத்துடுன்னு சொல்லிட்டாரு."