அசையாத கோடு

"திருடன் மறுபடியும் கை வச்சுட்டான்" என்றாள் அவள், போனைப் பார்த்துக்கொண்டே. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரி பதறிப்போய், போலீசுக்குச் சொல்லவா என்று கேட்டாள்.

திருடன் வேறு யாருமில்லை, அவள் கணவர்தான். வீட்டில் டியூஷன் எடுக்கும் கணக்கு வாத்தியார், சர்க்கரை நோயாளி. அவர் புஜத்தில் ஒட்டியிருந்த வட்ட வில்லை நாள் முழுக்க ரத்தச் சர்க்கரையை அளந்து, இவள் போனில் கோடாகப் போட்டுக் காட்டும். இப்போது அந்தக் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது.

சாப்பிடும் ஒவ்வொரு தட்டையும் அவர் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவள் சட்டம். இன்றும் வெள்ளரிக்காயும் வேகவைத்த முட்டையும் வந்திருந்தன. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவளை, முட்டைப் படத்தைக் காட்டி ஏமாற்றப் பார்க்கிற மூளையை என்னவென்று சொல்வது!

போனில் கூப்பிட்டு வெளுத்து வாங்கினாள். "வேற எதையும் தொடலைம்மா" என்றார் அவர், வழக்கம்போல. கல்லுளிமங்கன் என்று திட்டி போனை வைத்துவிட்டு, எதிர் சீட்டுக்காரரின் பதவி உயர்வு கேக்கில் மிச்சமிருந்ததையும் வழித்துத் தின்றாள்.

அவளும் ஒரு வில்லை ஒட்டியிருந்தாள். நோய்க்காக அல்ல; ஒழுங்கான உடம்பு எப்படி இருக்கும் என்று அவருக்குப் பாடம் நடத்த. அவர் கோடு இவள் போனில், இவள் கோடு அவர் போனில் என்று ஏற்பாடு. விளக்கத் தாளைப் படிப்பதெல்லாம் மந்தபுத்திக்காரர்களுக்கு என்று, இரண்டையும் அவளே ஒட்டி, அவளே இணைத்திருந்தாள்.

"என் கோட்டைப் பாருங்க, அசையுதா? நாக்கை அடக்கத் துப்பில்லாத நீங்கள்லாம் பாடம் சொல்லிக்குடுக்க வந்துட்டீங்க" என்று டியூஷன் பிள்ளைகள் முன்னாலேயே கேட்பாள். வாத்தியார் தலையைக் குனிந்துகொள்வார்.

மறுநாள் அவரை டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவள் போனில் இருந்த ஏற்றங்களைப் பார்த்த டாக்டர், இனி மாத்திரை போதாது, இன்றே இன்சுலின் தொடங்கிவிடலாம் என்றார். வாத்தியாருக்கு ஊசி என்றால் குலைநடுக்கம். நான் சத்தியமாக எதுவும் சாப்பிடவில்லை என்று கெஞ்சினார். இவர் பேச்சை நம்பினால் நீங்கள் கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான் என்று டாக்டரிடம் சொல்லிச் சிரித்தாள் அவள்.

ஊசி அறை வாசலில் வெகுநேரம் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் பார்க்கப் பார்க்க ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜூஸை ரசித்துக் குடித்து முடித்தாள்.

முதல் ஊசிக்கு முன்னால் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும் என்று நர்ஸ் வாத்தியாரின் விரலில் குத்தினாள். நூற்று ஆறு. அவள் தன் போனை நர்ஸின் மூக்கருகே நீட்டினாள். அதில் இருநூற்றுத் தொண்ணூறு, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. உங்கள் மிஷின் ஓட்டை என்றாள்.

வாத்தியார் தன் போனை எடுத்துத் தயக்கத்தோடு மேஜைமேல் வைத்தார். மனைவி பீற்றிக்கொள்ளும் அந்த அசையாத கோடு நூற்று நான்கில் நின்றது.

நர்ஸ் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாத்தியார் மனைவியின் புஜத்தில் இருந்த வில்லையைப் பார்த்தாள். இன்சுலினை ஓரமாக வைத்துவிட்டு, விரலில் குத்தும் ஊசி இன்னொன்றைப் பிரித்தாள்.

"இப்ப நீங்க விரலை நீட்டுங்கம்மா."