பலிச்சீட்டு

"என்னை விடுதலை பண்ணுங்கம்மா."

கேட்டேவிட்டாள் தெர்மூதிஸ். அடிமை வாயில் வரவே கூடாத வார்த்தை. சபை மூப்பரும் வாராவாரம் அதைத்தான் சொல்வார். கர்த்தருக்குள் எல்லாரும் ஒன்று, ஆனால் எந்த அடிமையும் எசமானியிடம் விடுதலை மட்டும் கேட்கக் கூடாது.

திதூமே அம்மாள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "முதல்ல சீட்டைத் தரையில வை. கையில குடுக்காதே. தீட்டுக் கை."

தெர்மூதிஸ் வைக்கவில்லை.

பேரரசரின் ஆணை அப்படி. எல்லாரும் கோயிலில் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பலிக்கறியைத் தின்று, அதிகாரியிடம் சீட்டு வாங்க வேண்டும். நாளைக்கு வீடு வீடாக வந்து பார்ப்பார்கள். சீட்டு இல்லையென்றால் சிறை.

அம்மாள் கிறிஸ்துவை மறுதலிக்க மாட்டாள். அதனால் தன் சால்வையைப் போர்த்திவிட்டு, தன் பேரில் அடிமையை அனுப்பினாள். வீட்டை விட்டு இறங்காத எசமானியின் முகம் கோயில் எழுத்தருக்கு எங்கே தெரியப்போகிறது?

அடிமைக்கும் அதே கிறிஸ்துதான். மூன்று வருடம் காத்திருந்தவள். வருகிற பண்டிகையில் ஞானஸ்நானம். அதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்காகத்தானேம்மா தின்னேன்?"

"தின்னது உன் வாய்தானேடி? இனிமே அப்பம் பிட்கும்போது வாசலோட நில்லு. ஞானஸ்நானமும் கிடையாது. விடுதலை வேணுமாம் மகாராணிக்கு. போன தடவை கேட்டு வாங்கினது போதலையா?"

தெர்மூதிஸ் சீட்டை விரித்தாள். அம்மாளுக்கு எழுத்து தெரியாது. வேதம் வாசித்துக் காட்டவென்றே இவளைப் படிக்க வைத்தவள்.

"'அவுரேலியா திதூமே. அடிமையல்ல. பலியிட்டதையும் தின்றதையும் கண்ணால் கண்டோம். அடையாளம், இடது புருவத்துக்கு மேல் நீளத் தழும்பு.'"

அம்மாளின் கை தன் நெற்றிக்குப் போனது. வழவழவென்று இருந்தது.

"எழுதுறவன் எதிர்ல நிக்கிற மூஞ்சியப் பாத்துத்தானே எழுதுவான்?"

அம்மாளின் பார்வை மூலையில் இருந்த வெண்கல விளக்குத்தண்டுக்குப் போய் வந்தது.

"விடுதலை தர்றேன். இப்பவே நீயே எழுது, முத்திரை வச்சுத் தர்றேன். அந்தத் தண்டை எடுத்து எனக்கும் அங்கயே ஒண்ணு போடு."

"புண்ணு ஆறித் தழும்பாக நாளாகும்மா. எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு."

கோயிலிலிருந்து அவள் நேரே வீட்டுக்கு வரவில்லை. படகுத்துறைக்குப் போய், அலெக்சாந்திரியா படகில் அவுரேலியா திதூமே என்ற பேருக்கு ஓர் இடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, சீட்டை மடியில் செருகிக்கொண்டு, வாசல் வழியாகவே இறங்கிப் போனாள்.