கூவக் கூடாத குயில்

"உங்க மேல வெளிநாட்டுலேருந்து புகார் வந்திருக்கும்மா. நீங்க அனுப்பின கடிகாரத்துல குயில் சரியா வேலை செய்யுதாம்."

வாசலில் நின்ற அதிகாரி சொன்னதைக் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இருக்கவே இருக்காது சார்! என் கடிகாரமா?"

இணையத்தில் வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கு அரசாங்கம் ஒரு நம்பிக்கை முத்திரை கொடுக்கிறது. அது இல்லாமல் ஒரு பார்சலும் எல்லை தாண்டாது. அந்த அலுவலகத்திலிருந்துதான் அவர் வந்திருந்தார்.

அவள் செய்வது மரக் கடிகாரம். மணி அடிக்கும்போது சின்னக் கதவு திறந்து ஒரு குயில் வெளியே வந்து கூவ வேண்டும். ஆனால், அவள் செய்த கதவு பாதி நேரம் திறக்காது. என்ன செய்தும் அந்த வித்தை பிடிபடவில்லை. பொய் சொல்லி விற்கவும் மனசு வரவில்லை. விளம்பரத்திலேயே எழுதிவிட்டாள்: 'இந்தக் குயில் மனசு வைத்தால்தான் வெளியே வரும். வராவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.'

உள்ளூரில் ஒரு கடைக்காரரும் சீந்தாத கடிகாரம், கடல் தாண்டிப் பிய்த்துக்கொண்டு போனது. பார்த்த வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கிவிட்டாள்.

கடிகாரம் பழுது பார்க்கும் அவள் கணவன் மட்டும், "சொந்தச் சரக்கைத் திட்டி விக்கிற ஒரே ஆள் நீதான்" என்று குத்திக்கொண்டே இருப்பான். அவள் செய்த கடிகாரத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். இப்போதும் மூலையில் யாருடைய கைக்கடிகாரத்தையோ நோண்டிக்கொண்டிருந்தான்.

அதிகாரி கைப்பேசியைப் பார்த்துப் புகாரைப் படித்தார்.

"'தனியாக இருப்பவன் நான். குயில் வருமா வராதா என்று காத்திருக்கத்தான் வாங்கினேன். இதுவோ தவறாமல் வந்து நிற்கிறது. ஏமாற்றப்பட்டேன்.'"

"நல்லா ஓடினா சந்தோஷப்படணும்ல சார்?"

"சட்டம் அப்படிச் சொல்லலை. சொன்னதும் குடுத்ததும் ஒண்ணா இருக்கணும். குறைஞ்சாலும் ஏமாத்து, கூடினாலும் ஏமாத்து. அப்பத்தான் முகம் தெரியாதவன் நம்மளை நம்புவான்."

"என் கடிகாரத்தோட லட்சணம் எனக்குத் தெரியாதா? இப்பவே பாருங்க!"

சாயங்காலம் அனுப்பக் கட்டி வைத்திருந்த பெட்டி ஒன்றைப் பிரித்து, கடிகாரத்தை மாட்டி, முள்ளைத் திருப்பினாள்.

கதவு வெண்ணெயாகத் திறந்தது. "குக்கூ!"

இன்னொன்றைப் பிரித்தாள். "குக்கூ!"

"சனியனே, உள்ளே போ!" என்று குயிலின் தலையைப் பிடித்து அமுக்கினாள்.

"தொடாதீங்கம்மா, அது ஆதாரம்."

அவள் மெல்லத் திரும்பினாள். கணவனின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தது.

"ஏங்க..."

அவன் கைக்கடிகாரத்தை இன்னும் வேகமாக நோண்டினான்.

"ஏங்க, என்னைப் பாருங்க."

"நான்தான்" என்றான். "நீ மரம் வாங்கப் போறப்ப பெட்டியைப் பிரிச்சு, கதவைக் கொஞ்சம் இழைச்சு, கம்பியை மாத்தி..."

"எத்தனை கடிகாரத்தை?"

"எல்லாத்தையும்."

"அடேயப்பா!" என்றார் அதிகாரி. "அப்ப மத்தவங்க எல்லாம் பாவம், பொறுத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

அவள் கணவன் மேல் பாய்ந்தாள். "உங்களை யாருங்க கேட்டா? இது என் தொழில், கை வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. ஆனா உன் குறையை நீயே உலகத்துக்கு எழுதி வைக்கிறே. எவனோ எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு உன் கைவேலையைப் பார்த்துச் சிரிப்பான்னு நினைச்சா எனக்குச் சாப்பாடு இறங்கலை."

அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கண்ணால பார்க்காததை எழுதின பழக்கமே எனக்குக் கிடையாது. ஒரே ஒரு வாய்ப்பு இருக்கு. கையால திருப்பினது கணக்கில்லை. இப்ப மணி அடிக்கப்போகுது. அப்ப குயில் தானா வராம இருக்கணும்."

"வந்துட்டா?"

"முத்திரை ரத்து. சாயங்கால வண்டியில ஒரு பெட்டியும் ஏறாது."

அவள் திருப்புளியை எடுத்துக் கணவன் கையில் திணித்தாள். "நீங்க பண்ணின கோளாறு. நீங்களே கெடுத்து விடுங்க!"

அவன் ஒரு கடிகாரத்தை இறக்கி, பின்மூடியைக் கழற்றினான். கம்பியில் திருப்புளியை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"முடியலைம்மா. ஓடுற கடிகாரத்தைக் கெடுக்க என் கைக்குத் தெரியலை."

"நகருங்க, நான் கெடுக்கிறேன்!"

திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் தாறுமாறாக வெட்டியிருந்த கதவின் விளிம்பு, குழந்தையின் நகம் மாதிரி வழவழவென்று இழைக்கப்பட்டிருந்தது.

திருப்புளியைக் கீழே வைத்தாள். பிறகு எதையும் தொடாமல் மூடியைப் போட்டு மூடினாள்.

"போனாப் போகுது, மணியைச் சரியா வச்சு மாட்டுங்க" என்றாள்.

மூவரும் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரிய முள் உச்சிக்கு நகர்ந்தது. கதவு நூலளவு அசைந்தது.

"சே, ஒரே தூசி" என்று அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

குயில் வெளியே வந்து, வீடே அதிர, ஒன்று விடாமல் கூவியது. கடைசிக் கூவல் வரை அவர் குனிந்து துடைத்துக்கொண்டே இருந்தார்.

கதவு சாத்திக்கொண்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிகாரத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தார்.

'குயில் வரவில்லை, நானே கண்ணால் பார்த்தேன்' என்று தன் அறிக்கையில் எழுதி, அதன் மேல் நம்பிக்கை முத்திரையை ஓங்கிக் குத்தினார்.