இரண்டு தடவையும் ஐம்பத்து நாலு

“ஒரே மூளை, ஒரே படம். காலைல அம்பத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்க. மத்தியானம் அம்பத்தெட்டு. நடுவுல என்ன ஆச்சு?”

“நடுவுல சாப்பாடு ஆச்சு, டாக்டர்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவர் சிரித்து அந்த ஸ்கேன் பிரிவில் யாரும் பார்த்ததில்லை.

எதிரே நின்றவருக்கு அங்கே கோட்டுச்சாமி என்று பட்டப்பெயர். ஸ்கேன் படத்தில் மூளையைச் சுற்றி மவுஸால் கோடு இழுத்து, ரத்தக்குழாய் எது என்று புள்ளி வைத்துக் கொடுப்பது அவர் வேலை. அதை வைத்துத்தான் மூளைக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குச் சொல்லும். கோடு ஒரு நூல் நகர்ந்தால் கணக்கு ஒரு முழம் நகரும். பதினோரு வருஷமாக வண்டி இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே படத்தை இரண்டு தடவை கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

“புதுசா ஒரு கம்பெனி, சாஃப்ட்வேர் ஒண்ணு சோதனைக்குக் கொடுத்திருக்காங்க. படத்தை அனுப்பினாப் போதும், அதுவே கோடு போட்டு, கணக்குப் பார்த்து, பதில் அனுப்பிடுது. இதே படத்தை அதுக்கும் ரெண்டு தடவை அனுப்பினேன். காலைல அம்பத்தி நாலு. மத்தியானமும் அம்பத்தி நாலு.”

“மெஷின்னா அப்படித்தான் டாக்டர். அதுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா என்ன?”

“மனசு எனக்கு எதுக்கு? நம்பர்தான் வேணும். இதை நம்பித்தானே ஒருத்தருக்கு மருந்து கொடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூணரை மணிக்கு அனுப்பினா மட்டும் பதில் கொஞ்சம் லேட்டாகுது. அதையும் சரி பண்ணிடுவாங்க. நாளைக்கு உங்களுக்கு இன்னொரு படம் தர்றேன், ரெண்டு தடவை. ரெண்டும் ஒத்து வரலைன்னா நீங்க பழைய ஃபைல் ரூமுக்குப் போயிடுங்க.”

ஃபைல் ரூம் என்பது தரைத்தளத்துக்கும் கீழே. அங்கே அனுப்பப்பட்டவர்கள் ஓய்வு பெறும் நாளில்தான் வெளிச்சத்தைப் பார்த்ததாகச் சரித்திரம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் பையைக் கூடக் கழற்றாமல் புலம்ப ஆரம்பித்தார். மனைவி மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். மூன்று மாதமாக அவளுக்கும் வீட்டிலிருந்தே ஏதோ வேலை. என்ன வேலை என்று மூச்சு விடக் கூடாதாம், கம்பெனியின் கட்டளை.

“பதினோரு வருஷம் மாடா உழைச்சேன். ஒரு டப்பா வந்து என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடுது.”

“ம்.”

“எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதிலாம். ஏன் சொல்லாது? அதுக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, பொண்டாட்டி தொல்லை இல்லை.”

அவள் இப்போதுதான் நிமிர்ந்தாள். “என்ன தொல்லை?”

“பேச்சுக்குச் சொன்னேன்.”

“பேச்சுக்குன்னாலும் பார்த்துப் பேசுங்க,” என்று அவள் டீ போட எழுந்து போனாள்.

காலியான நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார் கோட்டுச்சாமி. எதிரே திரையில் ஒரு மூளை. அதைச் சுற்றிப் பாதி இழுத்த கோடு. மேல் மூலையில் இருந்த நோயாளி எண்ணை அவர் மறக்க முடியுமா? இன்று காலையில்தான் வேறொரு நோயாளிக்காகத் தன் கையால் அந்த எண்ணைப் பதிவு செய்திருந்தார்.

“இது எங்க ஆஸ்பத்திரிப் படம்,” என்றார்.

டீயோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். “உங்களோடதா? ஐயோ, எனக்குப் படத்தோட நம்பர் மட்டும்தாங்க வரும், எந்த ஊரு, எந்த ஆஸ்பத்திரின்னு ஒண்ணும் தெரியாது. சாஃப்ட்வேர் இன்னும் தயாராகலையாம். ஆகுற வரைக்கும் நானே பார்த்து அனுப்பணும், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. மூணரைக்கு டீ போட எழுந்தாக்கூட ஏன் லேட்டுன்னு கேக்கறாங்க.”

டீயை வாங்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கோபம் வந்தது. அதற்கும் மேலே பொறாமை வந்தது.

“நீயும் நானும் ஒரே வகுப்புல, ஒரே வாத்தியார்கிட்டதானே இந்தத் தொழிலைப் படிச்சோம்? எனக்கு அம்பத்திரண்டு, அம்பத்தெட்டுன்னு ஆடுது. உனக்கு மட்டும் எப்படி ரெண்டு தடவையும் அச்சு அசலா அம்பத்தி நாலு வந்துச்சு?”

“இதுல என்ன அதிசயம்?” என்றாள் அவள். “மத்தியானமும் அதே படம் வந்துச்சு. பார்த்த படத்தை எதுக்கு மறுபடியும் பார்க்கணும்னு, காலைல வந்த நம்பரையே திருப்பி அனுப்பிட்டேன்.”