தலையணை மலை

"என் மருமக என்னை ஆயா ஆக்கிட்டாய்யா!"

சைக்கிள் கடைக்காரர் டயரை அமுக்கிப் பார்த்தபடியே "ம்" என்றார். ஒரு மாதமாக அவர் கேட்கிற அதே பாட்டுதான்.

பாடுகிறவரைத் தெருவில் எல்லோரும் பெடலார் என்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்களே தவிர, மனுஷன் ஓய்ந்து உட்கார்ந்ததே கிடையாது. அறுபது வயது தாண்டியவர்களுக்கான சைக்கிள் பந்தயத்தில் ஒரு மெடலாவது வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

போன வருஷம் நிஜமாகவே ஒற்றைக் காலில் நிற்க வேண்டி வந்தது. ஒரு நாள் விடாமல் மிதித்ததில், பந்தயத்தன்று முட்டி வீங்கி எழுந்திருக்கவே முடியவில்லை. மருமகள்தான் டாக்டரிடம் கூட்டிப் போனாள். "ஒரு நாள் ஓட்டினா ஒரு நாள் படுக்கணும் சார்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

"படுக்கிறதுக்கா சைக்கிள் வாங்கினேன்?" என்று கேட்டுவிட்டு வந்தார் பெடலார்.

"இந்த ஞாயித்துக்கிழமை பந்தயம்" என்று கடைக்காரரிடம் புலம்பலைத் தொடர்ந்தார். "தினமும் மேடு ஏற வேண்டிய நேரம். மகாராணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் பேத்தியை என் தலையில கட்டிட்டு ஆபீஸ் போயிடறா. கேட்டா, 'தினமும் கிரெச்சுக்கு அனுப்பினா குழந்தை ஏங்கிப் போகுது மாமா'ங்கிறா!"

"பையன்கிட்ட சொல்றதுதானே?"

"அவனா? பொண்டாட்டி கிழிச்ச கோட்டைத் தாண்டிட்டாலும்!"

கடைக்காரர் சிரித்தார். "ஆனா ஒண்ணு. இந்த மாசம் மேட்டுல பிச்சு உதறுறே. போன வருஷத்து ஆளு மாதிரியே இல்ல."

"அது என் வெறிய்யா! அவ மட்டும் குறுக்கே வராம இருந்தா பறந்திருப்பேன்."

மறுநாள் ஆயா வேலை. ஆனால் இந்த முறை பெடலார் ஒரு திட்டத்தோடு இருந்தார். கூடத்தில் சைக்கிளின் பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்க ஏற்பாடு செய்துவிட்டார். பேத்தி தூங்க வேண்டியதுதான் பாக்கி.

மதியம் சாப்பிட்டதும் வாண்டு கையைப் பிடித்து இழுத்தது.

"தாத்தா, வா, தூங்கலாம்."

"நீ படு கண்ணு. தாத்தா பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"ம்ஹூம். நீ படுத்தாத்தான் நான் தூங்குவேன்."

ஆயா வேலை பார்க்கிற நாளெல்லாம் இதே அடம்தான். படுத்தாக வேண்டும். படுத்ததும் அவர் காலைத் தூக்கி, முட்டிக்குக் கீழே ஒரு தலையணையைத் திணிப்பாள். அதுதான் மலை. அதன்மேல் அவளுடைய குட்டிக் கார் ஏறும்.

"மலை ஆடக் கூடாது. ஆடினா கார் விழுந்துடும்!"

ஆடாமல் கிடந்து கிடந்து, கார் உச்சிக்குப் போவதற்குள் மலைக்கே கண் சொருகிவிடும். விழித்தால் சாயங்காலம். ஒரு மாதமாக இதே கூத்து. வெளியே சொன்னால் வெட்கக்கேடு!

'இன்னைக்கு ஏமாற மாட்டேண்டி குட்டி' என்று கண்ணை மூடி, ஒரு பொய்க் குறட்டையை அவிழ்த்துவிட்டார். தாத்தா தூங்கிவிட்டார் என்று நினைத்தால் அவளும் தூங்கிவிடுவாள் என்று கணக்கு.

கார் நின்றது. கட்டிலிலிருந்து மெதுவாக இறங்குகிற சத்தம். மேஜை மேலிருந்த அவருடைய போனை எடுத்து ஏதோ தட்டினாள். மணி அடித்தது.

"அம்மா..." கிசுகிசுப்பு. "தாத்தா தூங்கிட்டார்."

"சமத்துடி என் தங்கம்!" ஸ்பீக்கரில் மருமகள் குரல். "முட்டிக்குக் கீழ தலையணை வெச்சியா?"

"மலை கட்டிட்டேன். இனிமே நான் விளையாடலாமா? எனக்குத் தூக்கமே வரலை."

"விளையாடு. ஆனா சத்தம் போடாதே."

"நாளைக்கு கிரெச்சா?"

"ஆமா. நாளைக்குத் தாத்தா சைக்கிள் ஓட்டுற நாளாச்சே."

"தாத்தாகிட்ட ஏம்மா சொல்லக் கூடாது?"

"ரெஸ்ட் எடுங்க மாமான்னு சொன்னா சைக்கிளைத் தூக்கிட்டு ஓடிடுவார். உன்னைப் பாத்துக்கங்கன்னு சொன்னாத்தான் வீட்ல இருப்பார். பாவம், போன வருஷம் முட்டியைப் பிடிச்சிக்கிட்டு குழந்தை மாதிரி அழுதாரு. இந்தத் தடவை அவர் மெடல் வாங்கணும்டா. அதுவரைக்கும் நீதான் அவரைப் பத்திரமா பாத்துக்கணும்."

மலை லேசாக ஆடியது. கார் உருண்டு விழுந்தது.

பெடலார் கண்ணைத் திறக்கவில்லை. ஆயாவுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று, குறட்டையை மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமாக விட்டார்.