நடுவில் ஓர் இடைவெளி

ட்ரோன்ட்ஹெய்ம் நகரில் ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்துக்குப் புதிதாக வருபவனின் பெயர் ஓட் ஆர்னே. அவனுக்குக் கணக்கும் வாசல் அட்டையும் உருவாக்க, அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ராக்ன்ஹில்ட் விண்டோஸ் திரையில் கட்டளையை அடித்து, லினக்ஸில் ஓடும் சர்வருக்கு அனுப்பினாள். பெயரை மேற்கோள் குறிக்குள்தான் போட்டிருந்தாள். ஆனால் சர்வரில் ஓட் என்று ஒரு கணக்கும் ஆர்னே என்று இன்னொன்றும், தனித்தனி அட்டையோடு உருவாகியிருந்தன.

“அந்தப் பக்கம் போறதுக்குள்ள மேற்கோள் உதிர்ந்துடும். இன்னொரு அடுக்கு போட்டிருக்கணும் நீ,” என்றான் பக்கத்து மேசை டோர்கெய்ர். “இல்லன்னா இடைவெளியில பேரு ரெண்டா உடைஞ்சுடும். ஆள் பத்தலன்னு புலம்பினியே, இந்தா ரெண்டு பேரு.”

ஒன்றை அழித்துவிடலாம் என்று பார்த்தாள். அதற்குள், வாசல் பதிவின்படி, இரண்டு அட்டைகளுமே கதவைத் திறந்திருந்தன.

அவள் போய்ப் பார்த்தபோது சாப்பாட்டு அறையில் ஒரே முகமுள்ள இருவர் ரொட்டியில் பழுப்புச் சீஸை வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இடைவெளியாக ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவள் பின்னாலேயே காபியுடன் வந்த டோர்கெய்ர் அதைப் பிடித்து இழுத்தான்.

“அங்க ஆள் இருக்கு,” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

டோர்கெய்ர் சிரித்துக்கொண்டே மறுபடியும் இழுத்தான். ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் நாற்காலி கனத்தது.